ஐ.நா.வில் வென்ற வழக்கும் செப்டெம்பர் மாதக் கட்டணமும்

ரொறன்ரோவின் பாத்தர்ஸ்ட் வீதியை ஒட்டிய ஒரு யூதப் பாடசாலையின் கணக்குப் பிரிவில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். யாழ்ப்பாணத்துச் சைவப் பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காத உறவினர் இல்லை. கணக்கு எங்கே போனாலும் கணக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். ஆனால் ஒன்ராறியோ மாகாணத்தில் பாடசாலைக் காசு அப்படி இல்லை. அதற்குச் சமயம் இருக்கிறது. கத்தோலிக்கப் பிள்ளை பாலர் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை தன் சமயப் பாடசாலையில் படிக்க மாகாணமே செலவழிக்கிறது. அதே தெருவில் வசிக்கும் யூதப் பிள்ளை தன் சமயப் பாடசாலைக்குப் போனால் ஒரு சதம் கிடையாது. முஸ்லிம், சீக்கியர், சைவர், கத்தோலிக்கர் அல்லாத கிறிஸ்தவர் எல்லோருக்கும் இதே கதிதான்.

கட்டணச் சலுகை பற்றிய கூட்டங்களில் பெற்றோர் இரண்டு பெயர்களை மாறி மாறிச் சொல்வார்கள்: அட்லர், வால்ட்மன். முன்னது தோற்ற வழக்கு, பின்னது வென்ற வழக்கு. தோற்றது இன்றும் எங்களைக் கட்டிப்போடுகிறது. வென்றதால் எந்த வீட்டுக்கும் ஒரு காசோலை வரவில்லை. கணக்கெழுதுகிறவளுக்கு இதைவிட விசித்திரமான வரவுசெலவு கிடைக்காது என்றுதான் இரண்டு தீர்ப்புகளையும் தேடிப் படித்தேன். அண்மைக்காலமாக எங்கள் சனமும் இதைப் பற்றி என்னிடம் கேட்கத் தொடங்கியிருக்கிறது. அதனால் படித்ததையும் மேசையிலிருந்து பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் மேசையைப் பற்றி. எங்கள் அலுவலகத்தில் மார்ச் தொடங்கி ஜூன் வரை சலுகை விண்ணப்பங்கள் வரும். ஒவ்வொரு கோவையிலும் வருமான வரித் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிவித்தல், சம்பளச் சீட்டு, வீட்டுக் கடன் அறிக்கை, வாகனக் கடன், பல்லுக்குக் கம்பி கட்டிய பில் வரைக்கும் இருக்கும். யூதர் என்றால் எல்லோரும் பணக்காரர் என்று எங்கள் ஆட்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் மேசைக்கு வரும் கோவைகளைப் பார்த்தால் அந்த நினைப்பு ஒரு வாரம் தாங்காது. குழாய் வேலை செய்பவர், பழைய சோவியத் நாடுகளிலிருந்து வந்து இன்னும் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டும் தாத்தா பாட்டியோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள், தனியே பிள்ளை வளர்க்கும் தாய், எங்கள் பாடசாலையிலேயே படிப்பிக்கும் ஆசிரியை. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் கட்டணத் தொகை வீட்டுக் கடன் தவணையைத் தாண்டிப் போகும். ஒரு தகப்பன் நாற்காலி நுனியில் இருந்துகொண்டு, கடைசிப் பிள்ளையை மட்டும் அரச பாடசாலைக்கு அனுப்பினால் மற்ற இரண்டு பேருக்கும் எவ்வளவு வரும் என்று கணக்குப் பார்க்கச் சொன்னார். பார்த்துச் சொன்னேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் என்று எழும்பிப் போனார்.

(இதற்கிடையில் என் சாப்பாடு தனிக்கதை. கோஷர் என்ற யூத உணவு விதிப்படி என் சோற்றுப் பெட்டியை அவர்களுடைய மைக்ரோவேவில் வைக்க முடியாது. குளிர்காலத்திலும் ஆறின சோறுதான். பழகிவிட்டது.)

இந்த நிலை எப்படி வந்தது என்பதற்கு 1867க்குப் போகவேண்டும். கனடா என்ற நாட்டை உருவாக்கியபோது ஒன்ராறியோவில் கத்தோலிக்கர் சிறுபான்மை, கியூபெக்கில் புரட்டஸ்தாந்தர் சிறுபான்மை. இரு தரப்புக்கும் பயம். ஆகவே அரசமைப்பின் 93ஆம் பிரிவில் ஒரு பேரம் எழுதினார்கள்: இணையும்போது சட்டப்படி எந்தச் சமயப் பாடசாலை உரிமை இருந்ததோ அதில் மாகாணங்கள் கைவைக்கக் கூடாது. ஒன்ராறியோக் கத்தோலிக்கருக்கு 1863ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனிப் பாடசாலைகள் ஏற்கனவே இருந்தன. அவை அப்படியே பூட்டி வைக்கப்பட்டன. யூதர்கள் அப்போது இங்கே மிகச் சொற்பம். பேரம் பேசிய மேசையில் அவர்களுக்கு இருக்கை இல்லை.

பிறகு நூறு வருடத்துக்கு மேல் கத்தோலிக்கப் பாடசாலைகளுக்கும் முழு நிதி கிடைக்கவில்லை; பத்தாம் வகுப்போடு நின்றுவிடும். 1984 ஜூனில் மாகாண முதல்வர் பில் டேவிஸ் திடீரென்று எழுந்து உயர்தர வகுப்புகளுக்கும் நிதி நீட்டிக்கப்படும் என்றார். அதற்கான சட்டம் 1986இல் நிறைவேறியது, 1987இல் உச்ச நீதிமன்றமும் சரி என்றது. அந்த அறிவிப்போடு மற்றச் சமயத்தாரைச் சமாளிக்கத் தனியார் பாடசாலைகள் பற்றி ஆராய ஓர் ஆணைக்குழுவும் வந்தது. பேர்னாட் ஷபீரோ தலைமையிலான அந்தக் குழு 1985இல், அரச பாடசாலைச் சபைகளோடு இணைந்து இயங்கச் சம்மதிக்கும் தனியார் பாடசாலைகளுக்கு நிதி கொடுக்கலாம் என்ற வழியைக் காட்டியது. அறிக்கை அலுமாரிக்குப் போனது. எங்கள் நாட்டில் ஆணைக்குழு அறிக்கைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

அதற்குப் பிறகுதான் அட்லர் வழக்கு. யூதப் பெற்றோர் ஒரு மனு. டச்சுப் பின்னணியில் வந்த சீர்திருத்தத் திருச்சபைக் கிறிஸ்தவப் பெற்றோர் இன்னொரு மனு. இரண்டும் சேர்த்து விசாரிக்கப்பட்டன. 1982 உரிமைச் சாசனம் சமயச் சுதந்திரம் தருகிறது, சட்டத்தின் முன் சமத்துவம் தருகிறது, அப்படியிருக்க ஒரு சமயத்துக்கு மட்டும் எப்படிக் காசு என்பதுதான் கேள்வி. அதோடு இன்னொரு சின்னக் கேள்வியும் இருந்தது. பலர் அதைக் கவனிப்பதில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது: உடற்குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு அரச பாடசாலையில் கிடைக்கும் தாதிச் சேவை, பேச்சுச் சிகிச்சை போன்றவை சமயப் பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கு ஏன் இல்லை?

1992இல் முதல் நீதிமன்றத்தில் தோல்வி. 1994இல் மேன்முறையீட்டில் தோல்வி. 1996 நவம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றத்திலும் தோல்வி.

தோற்ற விதம்தான் படிக்க வேண்டியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி யாகபுச்சி சொன்னதன் சாரம்: 93ஆம் பிரிவு தன்னளவில் நிறைவான ஓர் ஒப்பந்தம், வரலாற்று நிர்ப்பந்தத்தில் பிறந்தது, அரசமைப்பின் ஒரு பகுதியைக் கொண்டு மற்றப் பகுதியை வெட்ட முடியாது. யூதப் பெற்றோரின் வாதம் நியாயமா இல்லையா என்ற இடத்துக்கே அந்தத் தீர்ப்பு போகவில்லை. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. நீதிபதி சொப்பிங்கா வேறு வழியால் அதே முடிவுக்கு வந்தார்: காசு கட்டித் தனியார் பாடசாலைக்கு அனுப்புவது பெற்றோரின் தெரிவு, அரசு செய்த பாகுபாடு அல்ல. நீதிபதி மக்லாக்லின் சமத்துவம் மீறப்பட்டிருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். ஆனால் பல இனத்தாரும் கலந்து படிக்கும் அரச பாடசாலையை வளர்க்கும் நோக்கத்தால் அந்த மீறலை நியாயப்படுத்தலாம் என்றார். சுகாதாரச் சேவையை மறுத்ததை மட்டும் அவர் ஏற்கவில்லை. நீதிபதி லெரூ-டுபே ஒருவர்தான் இரண்டு கேள்வியிலும் பெற்றோர் பக்கம் நின்றார்.

கடைசி இருவரின் பகுதிகளையும் அலுவலகத்தில் ஒரு மதிய இடைவேளையில் படித்தது ஞாபகம். ஒன்பது பேரில் இருவர் சமத்துவம் மீறப்பட்டது என்கிறார்கள், அதிலும் ஒருவர் மீறினாலும் பரவாயில்லை என்கிறார். அநியாயம் என்பதை நிரூபிப்பது ஒரு வேலை, அதற்குப் பரிகாரம் பெறுவது வேறு வேலை. இரண்டுக்கும் ஒரே சட்டத்தரணி போதும் என்று நினைக்கிற சங்கங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்துப் பாசையூர் அக்கா ஒருவர். கத்தோலிக்கர். அவருடைய மூன்று பிள்ளைகளும் கத்தோலிக்கப் பாடசாலையில் படித்தவர்கள். இந்த வழக்கைப் பற்றி ஒருநாள் பேச்சு வந்தது.

“ஏன் தங்கச்சி, அவையள் வசதியான ஆக்கள்தானே. தங்கட பள்ளிக்கூடத்துக்குத் தாங்கள் கட்டட்டும்.”

“உங்கட பிள்ளையளுக்கு ஆரக்கா கட்டினது?”

“அது அரசாங்கமெல்லோ.”

“அவையளும் அதைத்தான் கேக்கினம்.”

அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்ப எங்கட கோயில்காரரும் கேக்கலாமே என்றார். கேட்டவர்கள் இருக்கிறார்கள். அரச பாடசாலைச் சபைக்குள்ளேயே சமய அடிப்படையிலான மாற்றுப் பாடசாலை வேண்டும் என்று சீக்கிய, இந்து, முஸ்லிம், மெனனைட், சீர்திருத்தக் கிறிஸ்தவப் பெற்றோர் சேர்ந்து பால் (Bal) என்ற வழக்கைப் போட்டார்கள். 1994இல் அதுவும் தோற்றது. அரச பாடசாலை எந்தச் சமயத்தையும் போதிக்கக் கூடாது என்பதுதான் ஒன்ராறியோவின் நிலை என்றது நீதிமன்றம். ஆல்பர்ட்டா மாகாணத்தில் கதை வேறு. எட்மன்ரனில் உள்ள தல்மூத் தோரா என்ற யூதப் பாடசாலை 1975இலேயே அரச சபைக்குள் சேர்ந்துவிட்டது. ஒரே நாடு, ஒரே அரசமைப்பு, மாகாண எல்லையைத் தாண்டினால் பதில் மாறுகிறது. ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா, மனிற்றோபா, கியூபெக் எல்லாம் தகுதிபெற்ற தனியார் பாடசாலைகளுக்கு, சமயப் பாடசாலைகள் உட்பட, ஒரு பங்கு நிதி கொடுக்கின்றன. அட்லர் தீர்ப்பு கொடுக்காதே என்று சொல்லவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கொடுக்கும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று மட்டும்தான் சொன்னது. மாகாணம் நாளைக்கே விரும்பினால் கொடுக்கலாம்.

இனி வால்ட்மன். ரொறன்ரோவில் வசித்த யூதத் தகப்பன். 1994–95 கல்வியாண்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் 14,050 டொலர் கட்டணம் கட்டினார். வரிக் கழிவு போன பிறகும் பத்தாயிரத்துக்கு மேல் கைக்காசு. தான் பயன்படுத்தாத அரச பாடசாலைக்கும் வீட்டு வரியில் கட்டிக்கொண்டிருந்தார். உச்ச நீதிமன்றமே கைவிரித்த பிறகு நாட்டுக்குள் தட்ட வேறு கதவில்லை. அவருடைய மனு ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்கு முன்னால் இருந்தது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையிலும், தனிநபர் முறைப்பாட்டை அனுமதிக்கும் அதன் இணைப்பிலும் கனடா 1976இல் சேர்ந்திருந்ததால்தான் இந்தக் கதவு இருந்தது.

1999 நவம்பர் 3 அன்று குழு அவர் பக்கம் முடிவு சொன்னது. உடன்படிக்கையின் 26ஆம் உறுப்புரை, அதாவது பாகுபாடின்மை, மீறப்பட்டிருக்கிறது. ஏற்பாடு அரசமைப்பிலேயே எழுதியிருக்கிறது என்பதால் மட்டும் அது நியாயமாகிவிடாது. யூதரோடு ஒப்பிட்டால் கத்தோலிக்கர் இன்று பின்தங்கிய நிலையில் இருப்பதாகக் காட்ட எதுவும் இல்லை. சமயப் பாடசாலைக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று எந்த அரசுக்கும் கடமை கிடையாது. ஆனால் கொடுப்பதென்றால் பாகுபாடு இல்லாமல் கொடு. 90 நாளுக்குள் என்ன செய்தாய் என்று சொல்.

கனடாவின் பதில் எங்களுக்குப் பழக்கமான பதில்தான். கல்வி மாகாண விடயம் என்றது மத்திய அரசு. மாற்றும் எண்ணம் இல்லை என்றது மாகாணம். 2005இல் அதே குழு கனடாவின் அறிக்கையை ஆராய்ந்தபோது இது இன்னும் சரிசெய்யப்படவில்லை என்று கவலை தெரிவித்தது. நல்ல எழுத்து. ஆனால் எங்கள் செப்டெம்பர் மாதக் கட்டணப் பட்டியலில் ஒரு வரி மாறவில்லை.

இந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் அடிக்கடி விட்டுவிடும் ஒரு பக்கம் உண்டு. குழு உறுப்பினர் மார்ட்டின் ஷெய்னின் தனியாக எழுதிய குறிப்பில், பாகுபாட்டை நீக்க எல்லோருக்கும் நிதி கொடுப்பது மட்டும் வழியல்ல, கத்தோலிக்கப் பாடசாலைக்குக் கொடுப்பதை நிறுத்துவதும் ஒரு வழி என்பதைச் சுட்டினார். நியூபவுண்ட்லாந்து கிட்டத்தட்ட அதைச் செய்தது: 1997இல் மக்கள் வாக்கெடுப்பு, அடுத்த வருடம் அரசமைப்புத் திருத்தம், சமயவாரிப் பாடசாலை முறை முடிந்தது. கியூபெக்கும் 93ஆம் பிரிவின் பாதுகாப்பிலிருந்து 1997இல் விலகி, சபைகளை மொழிவாரியாக மாற்றியது. சமத்துவம் கேட்டுப் போகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். மற்றவனுடைய இலையிலிருந்து எடுத்துவிட்டாலும் கணக்குப்படி அது சமத்துவம்தான். உங்கள் இலை நிறையாது. பாசையூர் அக்காவின் பேரப்பிள்ளைகளின் பாடசாலையை மூடித்தான் எனக்கு நியாயம் கிடைக்கும் என்றால் அந்த நியாயம் எனக்கு வேண்டாம். இது என் அபிப்பிராயம். அலுவலகத்தில் என்னோடு உடன்படாதவர்களும் இருக்கிறார்கள்.

நீதிமன்றத்துக்கு வெளியே காசு வந்த ஒரே காலம் குறுகியது. 2001 வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ஜிம் ஃபிளாஹெர்ட்டி தனியார் பாடசாலைக் கட்டணத்துக்கு ஒரு வரிக் கழிவை அறிவித்தார். ஐந்து வருடத்தில் படிப்படியாக ஏறி, முடிவில் ஒரு பிள்ளைக்கு 3,500 டொலர் வரை வரவேண்டும். முதல் வருடமான 2002க்கு உச்சம் 700 டொலர். 2003 ஒக்டோபரில் ஆட்சி மாறியது. டால்ட்டன் மெக்கின்ரியின் அரசு அந்தக் கழிவை அந்த வருடம் ஜனவரி 1இலிருந்தே செல்லாது என்று பின்தேதியிட்டு நீக்கியது. கழிவு வரும் என்று நம்பி 2003க்குப் பிள்ளையைப் பதிந்தவர்கள் முழுத் தொகையையும் தாங்களே சுமந்தார்கள். அரசியல் வாக்குறுதியை வைத்துக் குடும்ப வரவுசெலவு போடாதீர்கள் என்று புதிய பெற்றோருக்கு நான் சொல்லும்போது இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

2007 தேர்தல் இன்னும் மோசம். முற்போக்கு கொன்சவேற்றிவ் தலைவர் ஜோன் ரோரி எல்லாச் சமயப் பாடசாலைகளுக்கும் நிதி என்று வாக்குறுதி கொடுத்தார். ஏறத்தாழ 53,000 பிள்ளைகள், 400 மில்லியன் டொலர் என்று கணக்குச் சொன்னார்கள். தேர்தல் முழுவதும் இந்த ஒரே விடயத்தில் சிக்கிச் சுழன்றது. கட்சி தோற்றது, ரோரி தான் போட்டியிட்ட தொகுதியிலேயே அன்றைய கல்வி அமைச்சர் கத்லீன் வின்னிடம் தோற்றார். அதன் பிறகு எந்தப் பெரிய கட்சியும் இதைக் கையால் தொடப் பயப்படுகிறது. அதற்கு இரண்டு வருடம் முன்னர் கியூபெக்கில் யூதப் பாடசாலைகளுக்கு முழு நிதி என்று எடுத்த முடிவை மக்கள் எதிர்ப்பால் அந்த அரசு சில வாரங்களிலேயே திரும்பப் பெற்றது. வழக்கு மெதுவாகத் தோற்கிறது, தேர்தல் வேகமாகத் தோற்கடிக்கிறது.

இப்போது பெற்றோர் மறுபடியும் நீதிமன்றம் போயிருக்கிறார்கள். 2013இலும் 2015இலும் உச்ச நீதிமன்றம் வேறு வழக்குகளில், சூழ்நிலை அடிப்படையிலேயே மாறியிருந்தால் பழைய தீர்ப்பைக் கீழ் நீதிமன்றம் மறுபரிசீலனை செய்யலாம் என்று வழி திறந்துவிட்டது. அந்த வழியால் அட்லரை மீண்டும் திறக்கப் பார்க்கிறார்கள். வருகிறதைப் பார்ப்போம். அதுவரை கட்டணம் கட்டத்தான் வேண்டும். ஆகவே காசு விடயத்துக்கு வருகிறேன். இவை யூதப் பாடசாலைக்கு மட்டுமல்ல, பதிவுபெற்ற அறக்கொடை நிறுவனமாக இயங்கும் எந்தச் சமயப் பாடசாலைக்கும் பொருந்தும். எங்கள் பிள்ளைகள் சிலர் தனியார் கிறிஸ்தவப் பாடசாலைகளுக்குப் போகிறார்கள், அவர்களுக்கும்தான்.

கனடாவின் வருமான வரித் திணைக்களம் 1975இல் வெளியிட்ட ஒரு சுற்றறிக்கையின்படி, கட்டணத்தில் சமயக் கல்விக்குப் போகும் பங்கை நன்கொடையாகக் கருதி வரிப் பற்றுச்சீட்டு கொடுக்கலாம். பாடசாலை சமயப் பாடச் செலவையும் பொதுப் பாடச் செலவையும் தனித்தனிக் கணக்காக வைத்திருந்தால் சமயப் பங்கு முழுவதற்கும் பற்றுச்சீட்டு. அப்படிப் பிரிக்காவிட்டால், ஒரு பிள்ளைக்கான சராசரிச் செலவைக் கண்டு, அதற்கு மேல் நீங்கள் கட்டிய தொகைக்கு மட்டும்தான். இந்த இரண்டு முறைக்கும் இடையில் ஒரு குடும்பத்துக்கு ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வரும். ஓர் உதாரணம்: கட்டணம் 18,000 டொலர், அதில் சமயப் பங்கு 45 வீதம் என்று வையுங்கள். 8,100 டொலருக்குப் பற்றுச்சீட்டு. முதல் 200 டொலருக்குப் பிறகு மத்திய கழிவும் ஒன்ராறியோக் கழிவும் சேர்ந்து 40 வீதம் அளவில் வரும். ஆக ஏறத்தாழ 3,200 டொலர் வரியில் குறையும். நீதிமன்றங்கள் தராத காசு இது. தந்தது ஒரு சுற்றறிக்கையும் ஒழுங்கான பேரேடும்.

பாடசாலையைத் தெரிவு செய்யும்போது கட்டிடத்தையும் நீச்சல் குளத்தையும் பார்க்கிறவர்கள், எங்கள் கட்டணத்தில் எத்தனை வீதத்துக்கு நன்கொடைப் பற்றுச்சீட்டு தருவீர்கள் என்று கேட்பதில்லை. அதைக் கேளுங்கள். போன வருடத்து வீதத்தை எந்தக் கணக்குப் பிரிவும் சொல்லும்.

பற்றுச்சீட்டு கட்டினவர் பெயரில்தான் வரும். தாத்தா கட்டினால் தாத்தாவுக்கு. பிப்ரவரியில் வந்து என் பெயருக்கு மாற்றித் தாருங்கள் என்று கெஞ்சுவோர் ஒவ்வொரு வருடமும் உண்டு, முடியாது. யாருடைய வரியில் கழித்தால் லாபமோ அவர் கணக்கிலிருந்து முதலிலேயே கட்டுங்கள். பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பாடசாலை விட்ட பிறகான பராமரிப்புக்கும் தனியாகப் பிள்ளைப் பராமரிப்புச் செலவுப் பற்றுச்சீட்டு வரும். அதைப் பொதுவாகக் கணவன் மனைவியில் வருமானம் குறைந்தவர்தான் கழிக்க வேண்டும். ஒரே டொலரை இரண்டு பற்றுச்சீட்டிலும் போட முடியாது என்பதால் எங்கள் ஆடிட்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்து வைப்பார்.

சலுகைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் வெட்கத்தால் பிந்துகிறார்கள். சலுகை நிதி ஒரு குறித்த தொகை. முதல் சுற்றில் வருபவர்களுக்குத்தான் கை நீளும். படிவத்தில் இடமில்லாத செலவை ஒரு தனிக் கடிதமாக எழுதுங்கள்: படுக்கையில் இருக்கும் மாமியார், வேலை போன மாதங்கள். விண்ணப்பங்களைப் பார்க்கும் குழு இரக்கமில்லாதது அல்ல. அவர்களுக்குத் தெரியாததைத் தெரியாமலே விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

வீட்டு வரி பற்றிய ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். சீட்டில் கல்விப் பங்கு என்று ஒரு வரி இருக்கும், அதில் அரச பாடசாலை ஆதரவாளர், கத்தோலிக்கப் பாடசாலை ஆதரவாளர் என்று பதியலாம். பதிவை மாற்றினால் வரி குறையும் என்று நினைக்காதீர்கள். 1998க்குப் பிறகு மாகாணமே வீதத்தைத் தீர்மானித்து, பிள்ளைகளின் தொகைப்படி சபைகளுக்குப் பகிர்கிறது. அந்தப் பதிவு நீங்கள் எந்தச் சபை உறுப்பினருக்கு வாக்களிக்கலாம் என்பதைத்தான் தீர்மானிக்கும்.

அட்லர் வழக்கின் அந்தச் சின்னக் கேள்விக்கும் வருகிறேன். நீதிமன்றத்தில் தோற்ற அந்தச் சேவை இன்று வேறு வழியால் கிடைக்கிறது: தனியார் பாடசாலைப் பிள்ளைக்கும் மாகாணத்தின் வீட்டுப் பராமரிப்பு அமைப்பு மூலமாகத் தாதிச் சேவை, பேச்சுச் சிகிச்சை போன்றவற்றைக் கேட்கலாம். இது தெரியாமல் கைக்காசில் சிகிச்சையாளரைப் பிடித்திருந்த ஒரு தாயிடம் அந்த அமைப்பின் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெரிய கோரிக்கை தோற்ற இடத்தில் சின்னக் கோரிக்கை பின்கதவால் வந்துவிட்டது. வழக்குப் போடும் சங்கங்கள் இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. பெரியதற்காகச் சின்னதைக் காக்க வைத்தால் நடக்க முடியாத பிள்ளை அதற்குள் வளர்ந்துவிடும்.

பாதுகாப்புச் செலவையும் சொல்லாமல் விட முடியாது. 2024இல் ரொறன்ரோவின் வடக்கில் ஒரு யூதப் பெண்கள் பாடசாலை மீது ஒரே ஆண்டில் மூன்று தடவை துப்பாக்கிச் சூடு நடந்தது. அதற்குப் பிறகு எங்கள் பேரேட்டில் காவலாளி, கமெரா, கண்ணாடி என்று வரிகள் கூடிக்கொண்டே போகின்றன. மத்திய அரசிடம் இதற்கு ஒரு திட்டம் 2007இலிருந்து உண்டு. வெறுப்புக் குற்ற ஆபத்து உள்ள கோயில், பள்ளிவாசல், பாடசாலை எதுவும் விண்ணப்பிக்கலாம், செலவில் ஒரு பங்கு தருவார்கள். எங்கள் கோயில் நிர்வாகங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கட்டணத்தை வேறு விதமாகக் குறைத்த ஒரு கதையும் இங்கே நடந்தது. ரொறன்ரோவின் பெரிய யூத உயர்தரப் பாடசாலையான தானன்பாம் சாட் 2017இல் வோன் நகரக் கிளையை மூடி ஒரே வளாகமாகியது. கொடையாளர்கள் கொடுத்த 15 மில்லியன் டொலரை வைத்துக் கட்டணத்தை ஏறத்தாழ 28,000இலிருந்து 18,500க்கு இறக்கியது. பிள்ளைகளின் தொகை மறுபடி ஏறியது. கிளை மூடியபோது வோன் பெற்றோர் பட்ட கோபம் கொஞ்சமல்ல. ஆனால் முப்பது வருட வழக்குகளால் இறங்காத கட்டணம் அந்த ஒரு முடிவால் இறங்கியது.

அண்மையில் கோயில் நிர்வாகத்தைச் சேர்ந்த சிலர் சைவ முழுநேரப் பாடசாலை தொடங்குவது பற்றிப் பேச வந்தார்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பாடசாலைச் சபை காசு கொடுக்கிறதுதானே, இதற்கும் கொடுக்காதா என்பது அவர்கள் கேள்வி. மொழிக்குக் கொடுக்கும், தேவாரத்துக்குக் கொடுக்காது என்றேன். வழக்குப் போடலாமே என்றார் ஒரு ஐயா. அட்லர், பால் என்ற இரண்டு வழக்குகளையும் சொன்னேன். அவர் முகம் வாடியது. எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிவிட்டு, ஒரு தாளில் செலவுகளை எழுதிக் காட்டினேன்: ஆசிரியர் சம்பளம், வாடகை, காப்புறுதி, பஸ், ஒவ்வொரு வருடமும் செப்டெம்பர் 1க்கு முன் கல்வி அமைச்சுக்குக் கொடுக்க வேண்டிய அறிவித்தல். உயர்தர வகுப்பு வைத்துச் சான்றிதழ் கொடுப்பதென்றால் அமைச்சின் பரிசோதனைக்கும் நாங்கள்தான் கட்டணம் கட்ட வேண்டும் என்றதும் அந்த ஐயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

போகும்போது வாசலில் வைத்துச் சொன்னேன்: அறக்கொடைப் பதிவு கிடைக்கும் முன்னர் ஒரு பிள்ளையிடமும் கட்டணம் வாங்காதேங்கோ, முதல் நாளிலிருந்தே சமயப் பாடத்தையும் பொதுப் பாடத்தையும் இரண்டு பேரேட்டில் எழுதுங்கோ, பிறகு பிரிக்கப் போனால் எந்த ஆடிட்டரும் ஒத்துக்கொள்ள மாட்டான்.